பட்டாளம் பெயர்ந்தால் குடும்பமும் பெயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நமக்கு முன்னர் இம்மேடையில் பேசியவர்கள் புலமை மிக்கவர்கள். நாமோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, சரக்குச் சீட்டுகளோடும் பேரேட்டோடும் பொழுது போக்குகிறவர்கள். ஆதலால் இலக்கிய நயம் கூறி உங்களை மகிழ்விக்க நம்மால் இயலாது. கண்டதையும் கற்றதையும் ஒழுங்குபடுத்திச் சொல்லலாம் என்ற துணிவு ஒன்றே நமக்கு உண்டு.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், பட்டாளத்தில் பணியாற்றுவோரின் குடும்பங்கள் ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்குப் பெயர்வதைப் பற்றியது. ‘ஆண்டு விழாவில் பேச இது ஒரு பொருளா?’ என்று சிலர் எண்ணக்கூடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெங்களூரில் தமிழர் இத்துணைப் பெருகி வாழ்வதற்கு முக்கியமான காரணமாக இருந்தது ஒரு பட்டாளத்தின் மாற்றலே என்பது முதற்காரணம். நாளை மறுநாள் கூடவிருக்கும் நம் பொதுக்குழுவில், இத்தகைய குடும்பங்களைச் சங்கத்தில் முழு உறுப்பினராகச் சேர்ப்பதா வேண்டாமா என்ற தீர்மானம் வரவிருக்கிறது என்பது இரண்டாம் காரணம். தீர்மானத்துக்குக் கை தூக்கு முன்பு, நாம் யார், இவ்வூருக்கு எவ்வாறு வந்தோம் என்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம் அன்றோ!

‘தண்டு’ என்ற சொல்லை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கண்டோன்மெண்டு இரயில் நிலையத்தைக் கன்னட மக்கள் தண்டு நிலையம் என்றே வழங்குகிறார்கள். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். தண்டு என்றால் படை. படை தங்கிய இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவாகிய அந்த ஒரு சொல்லிலேயே இவ்வூர்த் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே மாண்டார். வென்ற கும்பெனியார் தம் படையை அவ்வூரிலேயே நிறுத்தினர். ஆனால் காவிரி சூழ்ந்த அத்தீவின் கொசுவும் காய்ச்சலும் படையினரை வாட்டி எடுத்தன. பகைவனின் குண்டுக்குத் தப்பியவன் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. ஆகவே உடல் நலத்துக்கு உகந்த வேறோர் இடத்தைத் தேடினார்கள். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில், குளிர்ந்த காற்று வீசும் பெங்களூர் அவர்கள் கண்ணிற்பட்டது. 1809ஆம் ஆண்டில் படை இங்கே பெயர்ந்தது. பழைய பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை அடுத்த வெளியிலே புதிய தண்டு எழுந்தது.

படை பெயர்ந்தது என்று வரலாற்று நூலில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை அடுப்புகள் அணைந்து, எத்தனை அடுப்புகள் மீண்டும் மூட்டப்பட்டன என்பதை யாரும் எழுதுவதில்லை. இங்கு வந்தது சென்னை ராஜதானியின் படை. அதிலே தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்து பணியாற்றினர். அப்படைக்கு மற்றப் படைகளுக்கு இல்லாத ஒரு தனி வழக்கமும் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய் தன் மனைவி மக்களைச் சொந்தக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியே பணிக்கு வருவான். விடுப்புக் கிடைத்தால் ஊருக்குப் போய்ப் பார்த்து வருவான். சென்னைச் சிப்பாய் அவ்வாறன்று. பட்டாளம் எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊரே அவன் குடும்பத்துக்கும் ஊர். தாயும் தாரமும் குழந்தைகளும் சில சமயம் கைம்பெண்ணான தமக்கையும் அவனோடு கூடவே புறப்படுவார்கள். சிப்பாய்களின் மைந்தர்களைச் சிறு சம்பளம் கொடுத்துப் பட்டாளத்தின் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அப்படையில் இருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 75 மைல் தொலைவு. இரயில் இல்லாத காலம். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் என்று நடந்தால் ஒரு வாரப் பயணம். விடியுமுன் எழுந்து, மாட்டு வண்டியிலே பாத்திரம் பண்டங்களை ஏற்றி, கைக்குழந்தையை இடுப்பிலும் சற்று வளர்ந்ததை விரற்பிடியிலும் கொண்டு நடந்தவர்கள் நம் பாட்டிமார். வெயில் ஏறுமுன் தங்குமிடம் சேர்ந்து, மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சியவர்களும் அவர்களே. சமையற்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், மாட்டுக்காரர், பால்காரர், மளிகைக் கடைக்காரர் என்று ஒரு பெருங்கூட்டமும் படையைத் தொடர்ந்து வந்தது. ஆர்க்காடு, வேலூர், சென்னைப் பகுதிகளிலிருந்து வணிகரும் கட்டடத் தொழிலாளரும் பின்னும் பின்னும் வந்து சேர்ந்தனர். இங்கு வந்து சேர்ந்த அன்று, ‘நிலையாகத் தங்குவோம்’ என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? அடுத்த உத்தரவு வந்தால் அடுத்த ஊர் என்றே எண்ணியிருப்பார்கள்.

குடும்பத்தைக் கூட அழைத்துச் செல்ல முடியாத இடங்களும் இருந்தன. சென்னைப் படையினர் 1811இல் ஜாவாவுக்கும், 1824இல் பர்மாவுக்கும், 1840இல் சீனத்துக்கும் கப்பலேறினர். அப்பொழுது சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கி எழுதிக் கொடுப்பான். குடும்பத்தார் அச்சீட்டைக் காட்டி இங்கே மாதந்தோறும் பணம் பெறுவார்கள். கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கும் கரையில் காத்திருப்பவளுக்கும் இடையே இருந்த பாலம் அந்தத் துண்டுக் காகிதமே.

அப்பாலம் ஆடினால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. 1844ஆம் ஆண்டில் சென்னைப் படையின் 47ஆவது காலாட்படை சிந்து நாட்டுக்கு அனுப்பப்பட்டது. தொலைநாட்டுப் பணியாதலால் கூடுதற் படி தருவதாகச் சென்னை அரசாங்கம் வாக்களித்திருந்தது. அந்த வாக்கை நம்பியே சிப்பாய்கள் குடும்பத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டனர். பம்பாய் வந்து இறங்கியபோது, அப்படி விதிகளுக்கு மாறானது, கிடைக்காது என்று அறிவிக்கப்பட்டது. குடும்பத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது தம் வயிற்றுக்கே போதாது என்பதை உணர்ந்த சிப்பாய்கள், அணிவகுப்பிலேயே கட்டுப்பாட்டை மீறிக் கூக்குரலிட்டனர். முன்பணம் கொடுத்த பின்பே அமைதி திரும்பியது. பகைவன் முன் நின்று அஞ்சாத படை, வீட்டில் எரியும் அடுப்பை நினைத்தபோது நிலை குலைந்தது. எல்லையில் நிற்பவனின் உறுதிக்கு வேர் அவன் வீட்டில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட நம்மால் இயலாது.

இனி, தண்டு ஊராகிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையினர் 1834ஆம் ஆண்டில் பெங்களூருக்கு வந்தனர். இன்று ‘மெட்ராஸ் என்ஜினியர் குரூப்’ என்ற பெயரோடு அல்சூர் ஏரிக்கரையில் அவர்களுடைய தலைமையிடம் விளங்குகிறது. ‘தம்பி’ என்று அன்போடு அழைக்கப்படும் பட்டாளம் அதுவே. 1862இல் பேட்டைக்கு ஒன்றும் தண்டுக்கு ஒன்றுமாக இரு நகராட்சிகள் ஏற்பட்டன. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுக்கு இரயில் வந்தது. எம் போன்ற இரயில்வேக்காரர்களுக்கு அது பெருமை தரும் ஆண்டு. மாட்டு வண்டியில் பல நாள் பட்ட பாடு அன்றோடு தீர்ந்தது. 1873இல் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அவர்கள் கல்வி அறம் தொடங்கினார்; அவர் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சியாயின. 1950இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பட்டாளத்தின் பின்னே வந்த குடும்பங்கள் கோயில் கட்டின, கடை வைத்தன, பள்ளி கண்டன, பின்பு சங்கமும் கண்டன. ‘அடுத்த உத்தரவு வந்தால் போய்விடுவோம்’ என்று வந்தவர்கள் கட்டியவையே இவையெல்லாம்.

நம் பொம்மனஹள்ளிக்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஓசூர்ச் சாலையிலே ஒரு சிற்றூராக இருந்து, பின்னர் தனி நகராட்சியாகி, 2007இல் பெருநகரத்தோடு இணைந்த ஊர் இது. நம்முள் பெரும்பாலோர் பட்டாளத்தைத் தொடர்ந்து வந்தவர்கள் அல்லர். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும், பின்னர் மின்னணு நகரத்து வேலைகளுக்கும் வந்தவர்களின் குடும்பங்களே நம் காலனியில் மிகுதி. ஆயினும் நாம் குடியிருக்கும் மண் பட்டாளத்துக்குப் புதியதன்று. நமக்கு அண்மையிலுள்ள பேகூரில், நாகேசுவரர் கோயிலில், கி.பி. 890ஐ ஒட்டிய ஒரு வீரக்கல் இருக்கிறது. பெங்களூர்ப் போரில் வீழ்ந்த ஒருவனை நினைத்துப் பழங்கன்னடத்தில் பொறிக்கப்பட்ட கல் அது. ‘பெங்களூர்’ என்ற பெயர் காணப்படும் மிகப் பழைய சான்றும் அதுவே என்பர். இந்த நகரத்தின் பெயர் முதன்முதலாக நமக்குக் கிடைப்பது ஒரு போர்வீரனின் நினைவோடு சேர்ந்தே என்பது எண்ணத்தக்கது. இவ்வழியே சற்று வடக்கே சென்றால் மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைக் காணலாம். கன்னடமும் தமிழும் இம்மண்ணில் அக்கம் பக்கமாகக் குடியிருந்தமை நேற்று இன்று நேர்ந்ததன்று. கல்வெட்டைப் பார்க்காதவர்கள், வரும் ஞாயிறன்று குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

அன்பர்களே! இனி இன்றைய நிலைக்கு வருவோம். எம் அலுவலகம் பார்சல் பகுதி. பட்டாளத்தார் மாற்றலாகிப் போவதையும் வருவதையும் அங்கே நாள்தோறும் காண்கிறோம். கறுப்பு வர்ணம் பூசிய தகரப் பெட்டிகள். அவற்றின்மேல் வெள்ளை எழுத்தில் பெயர், எண், பதவி. அப்பெட்டிகளை உற்றுப் பார்த்தால் பழைய எழுத்தின்மேல் வர்ணம் பூசிப் புதிய எழுத்து எழுதியிருப்பது தெரியும். நாயக்காக இருந்தவர் ஹவில்தார் ஆகியிருப்பார். ஊரின் பெயர் மூன்று முறை மாறியிருக்கும். பெட்டியோடு ஒரு மோட்டார் சைக்கிள், சாக்கில் கட்டிய சைக்கிள் ஒன்று, கயிற்றால் பிணைத்த படுக்கைச் சுருள். குழந்தை தன் கையில் இருக்கும் பொம்மையை மட்டும் பார்சலில் போட மறுத்து அழும். எடை போட்டு, சீட்டு எழுதி, ஒட்டி அனுப்புவது எம் வேலை. ஆனால் அந்த எடையில் அடங்காத சுமை ஒன்று அக்குடும்பத்தின் தலையில் இருப்பதை அறிவோம்.

இரயில்வேயிலும் மாற்றல் உண்டு. நாமும் அரசிக்கெரே, ஹூப்ளி, மைசூர் என்று மூன்று ஊர்களில் அடுப்பு மூட்டிவிட்டே இங்கு வந்தோம். ஆனால் எமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. எமக்கு மாற்றல் வந்தால் சாமான் ஏற்றப் பாஸ் கிடைக்கும்; குடும்பத்தோடு போய்ச் சேர்வோம். பட்டாளத்தாருக்கோ அமைதி நிலையம் என்றும் களநிலையம் என்றும் இருவகை உண்டு. அமைதி நிலையத்துக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அங்கும் குடியிருப்பு காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். பனிமலைக்கோ எல்லைப்புறக் காட்டுக்கோ உத்தரவு வந்தால் அவர் ஒரு திசை, குடும்பம் ஒரு திசை. பிள்ளைகளின் படிப்பை நினைத்து மனைவி ஏதேனும் ஒரு நகரத்தில் தனியே வீடு எடுப்பார். அப்படி வருகிறவர்களுள் சிலர் நம் பொம்மனஹள்ளிக்கும் வருகிறார்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமன்று. இடம்விட்டு இடம் மாறும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகவே 1963ஆம் ஆண்டில் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. முதலில் அவ்வாறு மாற்றப்பட்டவை 20 பட்டாளத்துப் பள்ளிகளே. இன்று அவை கேந்திரிய வித்தியாலயங்கள் என்று நாடெங்கும் பரவி நிற்கின்றன. எந்த ஊருக்குப் போனாலும் பாடம் ஒன்றே. அது பெரும் நன்மை. ஆனால் பாடத்தைத் தொடரச் செய்யும் பள்ளி, தாய்மொழியையும் தொடரச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அது வீட்டின் கடமை. வீட்டால் முடியாதபோது சங்கத்தின் கடமை.

சென்ற ஆண்டு நம் தெருவுக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிக் கூறுவோம். பெயர் வேண்டாம். கணவர் ஹவில்தார், எல்லையில் இருக்கிறார். மனைவி, எட்டு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன் ஆகிய மூவரும் வடநாட்டிலிருந்து இங்கு வந்தனர். சொந்த ஊர் வேலூருக்கு அருகே. மாமியாரின் கண் சிகிச்சைக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் பெங்களூரே வசதி என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த அம்மையார் வீடு தேடி இரண்டு மாதம் அலைந்தார். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நம் நகரத்தில் நெடுநாளாக உண்டு. காலி செய்யும்போது வர்ணம் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பத்தாண்டு இருக்கப் போகிறவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறவருக்கோ அது தீராத தண்டம்.

நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன சொற்கள் இவை: “அண்ணா, எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ‘வீட்டுக்காரர் கூட இல்லையா?’ என்று அடுத்து கேட்கிறார்கள். நாட்டின் எல்லையில் இருக்கிறார் என்று சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். ஆனால் வீடு மட்டும் இல்லை என்கிறார்கள்.” நம் இல்லத்தாள், “இங்கேயே நம் தெருவிலேயே பார்த்துவிடலாம், நீ கவலைப்படாதே அம்மா” என்று கூறினாள். தெருக்கோடியில் இருக்கும் கன்னடப் பெரியவர் ஒருவர் மூன்று மாத முன்பணத்துக்கே வீடு கொடுத்தார். அவருடைய அண்ணன் மகனும் பட்டாளத்தில் இருப்பவன். ஆதலால் மேலே ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை.

பின்பு பொங்கல் வந்தது. நம் சங்கத்தின் வாழ்த்துக் கடிதப் போட்டியில் அந்த எட்டு வயதுச் சிறுமியும் கலந்துகொண்டாள். ஊரிலிருக்கும் பாட்டிக்கு வாழ்த்து எழுதினாள். தாளைப் பார்த்த நடுவர் திகைத்துப் போனார். சொற்கள் எல்லாம் தமிழ்ச் சொற்கள். எழுத்துகளோ இந்தி எழுத்துகள்! கரும்பு வேண்டும் என்றும், அப்பா வந்ததும் ஊருக்கு வருவோம் என்றும் நல்ல தமிழில் எழுதியிருந்தாள். ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி அதை எவ்வாறு படிப்பாள்? வாயில் இருக்கும் தமிழ் கைக்கு இறங்க ஒரு வழி வேண்டும் என்று அக்குழந்தையே நமக்கு எடுத்துக் காட்டினாள். நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்க்கலாமென்றால், சேர்க்கை ஜூன் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. சங்க உறுப்பினரின் பிள்ளைகளுக்கே முதலிடம். உறுப்பினராகவோ மூன்றாண்டு இங்கே குடியிருந்திருக்க வேண்டும். மூன்றாவது ஆண்டு தொடங்குமுன் அவர்களுக்கு அடுத்த உத்தரவு வந்துவிடும்!

இந்த விதியைச் செய்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. சங்கம் தொடங்கிய நாளில், சந்தா கொடுத்துவிட்டு மறுமாதமே மறைந்து போனவர்கள் பலர். நிதி கையாள்வதிலும் குழப்பங்கள் நேர்ந்தன. நிலையாக இருப்பவர்கள் கையில் சங்கம் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு அவ்விதி எழுதப்பட்டது. அதை மதிக்கிறோம். தேர்தலில் நிற்கவும் நிதிப் பொறுப்பு வகிக்கவும் மூன்றாண்டு இருக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் குழந்தை எழுத்துக் கற்பதற்கும், தாய் ஒருத்தி மாதர் பகுதிக் கூட்டத்தில் அமர்வதற்கும் மூன்றாண்டு எதற்கு?

‘இரண்டாண்டில் போகிறவர்களால் சங்கத்துக்கு என்ன பயன்?’ என்று கேட்கும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. பயனைப் பற்றியே பேசுவதானால் அதற்கும் விடை உண்டு. ஆறு ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஆறு ஊர்களின் வழக்கங்களை அறிவார்கள். புதிய இடத்தில் அலுவலகங்களை அணுகிக் காரியம் முடிக்கும் திறம் பெற்றவர்கள். தனியே இருந்து குடும்பத்தை நடத்தும் அந்த அம்மையார்தான், வெள்ளம் புகுந்த இரவில் நம் தெருவின் முதியவர்கள் மூவரை மேல்மாடிக்கு ஏற்றினார் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும் பயன் கருதி விருந்தோம்புவது தமிழர் மரபன்று. நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்றை, வயலில் எத்தனை மாதம் இருக்கும் என்று கணக்கிட்டா தண்ணீர் விடுகிறோம்? நட்ட அன்றே தண்ணீர் விடுகிறோம். இல்லையெனில் அது வேர் பிடியாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சென்னைச் சாப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரினர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியிலே, தோழர் ஒருவர் காலடியில் கண்ணிவெடி இயங்கத் தொடங்கியதைக் கண்டு, அதன்மேல் தாமே விழுந்து தம்முடைய உடலால் மற்றவர்களைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது வழங்கப்பட்டது. அத்தகைய வீரர்களின் பெயரைச் சொல்லி மேடையில் நாம் கைதட்டுகிறோம். கைதட்டல் தவறன்று. ஆனால் வீரனுக்குக் கைதட்டிவிட்டு அவன் வீட்டாருக்குக் கதவைச் சாத்துவது எவ்வாறு பொருந்தும்?

ஆதலால் நாம் நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: மாற்றல் பணியில் இருப்போரின் குடும்பங்கள், வந்த மாதமே சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்துவோம். பட்டாளத்தாருக்கு மட்டுமன்று, இரயில்வே, அஞ்சல், வங்கி ஊழியர் எவராயினும் இது பொருந்தட்டும். நிதிப் பொறுப்புக்கும் தேர்தலுக்கும் மூன்றாண்டு விதி அவ்வாறே இருக்கட்டும்.

இரண்டு: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எந்த மாதத்திலும் சேரலாம் என்று அறிவிப்போம். வகுப்பு நடத்தும் ஆசிரியைகள் இதற்கு இசைந்திருக்கிறார்கள். அதே வகுப்பில், புதிதாக வருவோர்க்கு ஒரு மணி நேரம் கன்னடமும் கற்பிப்போம். பால்காரரிடமும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பேசக் கன்னடம் தெரியாமல் இங்கு வாழ்வது எளிதன்று. வந்த ஊரின் மொழியைக் கற்பது அவ்வூருக்குச் செய்யும் முதல் மரியாதை. கற்பிக்க முன்வருவதாக அடுத்த தெருவிலுள்ள ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் வாக்களித்திருக்கிறார்.

மூன்று: வாடகைக்கு வீடு வைத்திருக்கும் அன்பர்கள், இத்தகைய குடும்பங்களிடம் மூன்று மாத முன்பணத்துக்கு மேல் கேட்பதில்லை என்று தாமே முன்வந்து பெயர் கொடுக்கட்டும். இது சட்டமன்று, கட்டாயமுமன்று. சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். நல்ல மருத்துவர், எரிவாயு இணைப்பு மாற்றித்தரும் அலுவலகம், பள்ளிச் சேர்க்கைக்கு வேண்டிய சான்றுகள் ஆகியவற்றையும் அதில் எழுதி வைப்போம்.

நான்கு: ஒரு குடும்பம் நம்மை விட்டுப் புறப்படும்போது, போகும் ஊரின் தமிழ்ச் சங்கத்துக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்புவோம். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் முதலாகப் பல நகரங்களில் சங்கங்கள் உள்ளன. சரக்குப் பெட்டிக்குச் சீட்டு ஒட்டி அனுப்புகிறோம். அது சேரவேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்கிறார். ஒரு குடும்பத்தைப் பெற்றுக்கொள்ளவும் ஒருவர் நிலையத்தில் நிற்க வேண்டாமா? அக்கடிதம் அந்த வேலையைச் செய்யும்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரு குறிப்பேடு, சில தபால் தலைகள், சனிக்கிழமையில் ஒரு மணி நேரம், விதிப் புத்தகத்தில் ஒரு வரித் திருத்தம், அவ்வளவே. 1809இல் வந்தவர்களுக்கு வரவேற்கச் சங்கம் இல்லை. அவர்களே மரத்தடியில் கோயில் கண்டு, கோயிலடியில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது இன்று வருகிறவர்களுக்குக் கிடைக்கட்டும். நாளை மறுநாள் பொதுக்குழுவில் தீர்மானம் படிக்கப்படும்போது, அவையோர் ஒருமனதாகக் கை உயர்த்தி நிறைவேற்ற வேண்டும் என்று அன்போடு வேண்டிக்கொள்கிறோம்.

 வாழ்க தமிழ்! வளர்க கன்னடம்! ஓங்குக பாரதம்!